லியர் அரசன்: வீட்டுக்குள் நடந்த துரோகங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தை நாலு பேர் சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தால், ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் ஒவ்வொரு முறையும் வருகின்றன. பாதிக்கு மேல் இலக்கியச் சந்தேகங்களே கிடையாது. ‘பெத்த அப்பனுக்கு இப்படியா செய்வாங்க?’ ரகம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வம்பான கேள்விகள் பின்னால்.

முதல்ல கதையைச் சொல்லுங்க. யார் யாரை ஏமாத்துறாங்க?

இரண்டு வீடுகள், இரண்டு அப்பாக்கள். முதல் வீடு பிரிட்டன் அரசன் லியருடையது. வயது எண்பதுக்கு மேல். கானரில், ரீகன், கார்டீலியா என்று மூன்று பெண்கள். நாட்டை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் நாளில், ‘என்மேல் யாருக்கு அதிக அன்பு, சொல்லுங்கள்’ என்று சபையில் கேட்கிறார். மூத்தவர்கள் இருவரும் வானளாவப் புகழ்கிறார்கள். கடைக்குட்டி கார்டீலியா, சொல்ல ஒன்றுமில்லை என்கிறாள். அவளை வெறுங்கையோடு விரட்டுகிறார். அவளுக்காகப் பரிந்து பேசிய கென்ட் பிரபுவையும் நாடு கடத்துகிறார். பிரெஞ்சு அரசன் அவளைச் சீதனம் இல்லாமலே மணந்து கூட்டிப்போகிறான். சொத்தை வாங்கிக்கொண்ட மூத்த பெண்கள் அப்பாவைப் படிப்படியாகக் குறுக்கி, புயலடிக்கும் இரவில் வெளியே விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். லியருக்குச் சித்தம் கலங்குகிறது.

இரண்டாவது வீடு க்ளாஸ்டர் பிரபுவுடையது. எட்கர் மனைவிக்குப் பிறந்த மூத்த மகன்; எட்மண்ட் திருமணத்துக்கு வெளியே பிறந்தவன். எட்மண்ட் ஒரு பொய்க்கடிதம் தயாரித்து அண்ணனை விரட்ட வைக்கிறான், பிறகு அப்பாவையே காட்டிக்கொடுக்கிறான். க்ளாஸ்டரின் கண்கள் பிடுங்கப்படுகின்றன. அப்பாவை மீட்கப் பிரெஞ்சுப் படையோடு வரும் கார்டீலியா தோற்று, லியரோடு எட்மண்டிடம் சிறைப்படுகிறாள். கடைசியில் மூன்று சகோதரிகள், இரு தந்தையர், எட்மண்ட் எல்லோரும் சாகிறார்கள். எட்கர் மிஞ்சுகிறான்.

லியர் நிஜமாவே இருந்த ராஜாவா?

வரலாற்று அரசன் இல்லை, பழங்கதை அரசன். மான்மத் ஊர் ஜெஃப்ரி 1136 வாக்கில் லத்தீனில் எழுதிய பிரிட்டன் அரசர் வரலாற்றில் இந்தக் கதை வருகிறது. அங்கிருந்து பலர் கை மாறி, ‘கிங் லெயர்’ என்ற பழைய நாடகமாக 1605இல் அச்சானது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. ஷேக்ஸ்பியரின் நாடகம் 1606 டிசம்பர் 26 அன்று முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னால் வைட்ஹால் அரண்மனையில் நடிக்கப்பட்டது. இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒன்றாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த மன்னர் அவர். அவருடைய மகன்கள் இருவரில் ஒருவர் கார்ன்வால் டியூக், மற்றவர் ஆல்பனி டியூக். நாடகத்தில் லியரின் மூத்த மருமகன்களும் அதே பட்டங்களோடு நிற்கிறார்கள். மன்னர் நெளிந்திருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

க்ளாஸ்டர் குடும்பக் கதை வேறு இடத்திலிருந்து வந்தது: ஃபிலிப் சிட்னியின் ‘ஆர்க்கேடியா’வில் வரும், மகனால் கண்ணிழந்த ஓர் அரசன். இரண்டையும் ஒரே நாடகத்தில் பின்னியது ஷேக்ஸ்பியரின் வேலை.

அப்படி ஒண்ணு நிஜத்துல எங்கயாவது நடந்திருக்கா?

ஆச்சரியமான ஒரு வழக்கு உண்டு. கென்ட் மாவட்டத்தில் பிரையன் ஆன்ஸ்லி என்றொரு முதியவர், எலிசபெத் அரசியிடம் பணிபுரிந்தவர், மூன்று பெண்களின் தகப்பன். 1603இல் மூத்த பெண்ணும் அவள் கணவரும், அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிச் சொத்தைத் தங்கள் பொறுப்பில் எடுக்கப் பார்த்தார்கள். கடைசி மகள் அதை எதிர்த்து அரசின் முதன்மைச் செயலர் ராபர்ட் செசிலுக்குக் கடிதம் எழுதினாள். அவள் பெயர் கார்டெல். ஷேக்ஸ்பியர் இதை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நிரூபிக்க ஆதாரம் கிடையாது. ஆனால் முதல் நாள் பார்வையாளர்களுக்கு இது ‘எங்கோ எப்போதோ’ நடந்த கதையாகத் தெரிந்திருக்காது.

மூத்த பொண்ணுங்க ரெண்டு பேரும் ஆரம்பத்துலேயே திட்டம் போட்டு ஏமாத்தினாங்களா?

முதல் காட்சியில் அப்படி எந்தத் திட்டமும் தெரியவில்லை. நாடகத்தின் ஆரம்ப வரிகளைக் கவனியுங்கள். லியர் மேடைக்கு வரும் முன்பே கென்ட்டும் க்ளாஸ்டரும், பங்கு பிரித்தாயிற்று, இரண்டு மருமகன்களுக்கும் துல்லியமாகச் சமம் என்று பேசிக்கொள்கிறார்கள். பங்கு முடிவான பிறகுதான் அன்புப் போட்டி நடக்கிறது. கானரில் பேசி முடித்ததும், ரீகன் வாய் திறக்கும் முன்பே, கானரிலின் பங்கு வரைபடத்தில் காட்டப்படுகிறது. ஆக அது போட்டியே இல்லை, ஒரு நாடகம். வசனம் எழுதிக் கொடுக்காத குறையாகப் பெண்களிடம் பொய்யைக் கேட்டு வாங்கியவர் லியர். இதை மறந்துவிட்டு மீதியைப் படித்தால், நல்ல அப்பா, கெட்ட பெண்கள் என்ற தட்டையான கதைதான் கையில் மிஞ்சும்.

காட்சியின் முடிவில் அக்கா தங்கை இருவரும் தனியாகப் பேசுகிறார்கள். அதில் இருப்பது சூழ்ச்சியை விடப் பயம்தான். எப்போதும் கார்டீலியாவையே அதிகம் நேசித்தவர், அவளையே இப்படித் தூக்கி எறிந்தார் என்றால் நம் கதி என்ன? அவருக்குத் தன்னைப் பற்றியே என்றும் சரியாகத் தெரிந்ததில்லை என்கிறாள் ரீகன். நாடகத்தில் லியரைப் பற்றிச் சொல்லப்படும் மிகக் கூர்மையான வாக்கியம் இதுதான், சொல்வது அவரை ஏமாற்றியவள்.

கார்டீலியா நாலு வார்த்தை நல்லதா சொல்லியிருந்தா எல்லாம் சரியாயிருக்குமே? வீம்புதானே அது?

வீம்பும் உண்டு. அப்பாவின் குணமல்லவா! முதலில் சொல்ல ஒன்றுமில்லை என்கிறாள். வற்புறுத்தினால், மகள் என்ற கடமைக்கு உரிய அன்பு இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்கிறாள். அதோடு நிறுத்தவில்லை. முழு அன்பும் அப்பாவுக்கே என்றால் அக்காக்களுக்குக் கணவர்கள் எதற்கு என்று கேட்கிறாள். சபையில் அத்தனை பேர் முன்னால், தன்னை மணக்க வந்த இருவரும் அடுத்த அறையில் காத்திருக்கும் வேளையில் கேட்கிறாள்.

ஆனால் அவள் நிலைமையை யோசியுங்கள். மூன்றாவதாகப் பேச வேண்டியவள். அக்காக்கள் ஏற்கனவே அகராதியைக் காலி செய்துவிட்டார்கள். மீதியிருக்கும் பங்கு மற்ற இரண்டையும் விட வளமானது என்று அப்பாவே ஆசை காட்டுகிறார். இந்த நேரத்தில் அவள் உண்மையான அன்பைச் சொன்னாலும் அது விலை பேசுவது போலத்தான் கேட்கும். என் அபிப்பிராயம், அவள் பேசிய விதம் தவறு, பேச மறுத்தது சரி.

நூறு வீரர்களோட வந்து வீட்ல உக்காந்தா யார்தான் பொறுத்துப்பாங்க? கானரில் பக்கம் நியாயம் இருக்கே?

கொஞ்சம் இருக்கிறது. லியரின் ஏற்பாடு, ஆட்சியெல்லாம் மகள்களுக்கு, அரசன் என்ற பெயரும் மரியாதையும் தனக்கு. நூறு வீரர்களோடு மாதம் ஒரு வீடாக மாறி மாறித் தங்குவார், செலவு மகள்களுடையது. தன் அரசவைக் கோமாளியைத் திட்டினான் என்பதற்காகக் கானரில் வீட்டு ஆளை லியர் அடிக்கிறார். 1962இல் பீட்டர் புரூக் இந்நாடகத்தை மேடையேற்றியபோது அந்த வீரர்கள் உண்மையிலேயே மேசைகளைக் கவிழ்த்து ரகளை செய்தார்கள். பார்த்தவர்களுக்குக் கானரில் சொல்வது பொய்யில்லை என்று பட்டது.

ஆனால் அவள் பிரச்சினையைத் தீர்க்கப் பார்க்கவில்லை, வளர்க்கப் பார்க்கிறாள். வேலைக்காரன் ஆஸ்வால்டிடம், அப்பாவை அலட்சியப்படுத்து, சண்டை வரட்டும் என்று சொல்லியே வைக்கிறாள். தங்கைக்கு முன்கூட்டியே கடிதம் போகிறது. ரீகன் வீட்டைப் பூட்டிக்கொண்டு க்ளாஸ்டர் வீட்டுக்குப் போய்விடுகிறாள், அப்பா வந்தால் ஆள் இருக்கக்கூடாது என்று. அப்புறம் நடப்பது ஏலம்தான். நூறு ஐம்பதாகிறது, ஐம்பது இருபத்தைந்தாகிறது, பத்து எதற்கு, ஐந்து எதற்கு, கடைசியில் ஒருவன்கூட எதற்கு என்கிறாள் ரீகன். ஐம்பது இருபத்தைந்தின் இரு மடங்கு, ஆகவே உன் அன்பும் இரு மடங்கு என்று லியர் கானரில் பக்கம் திரும்புகிறாரே, அங்கே எனக்குக் கோபம் மகள்கள்மேல் மட்டும் வருவதில்லை. முதல் காட்சியில் அன்பை அளந்த அதே கோலை இன்னும் அவர் கீழே போடவில்லை.

ஒரு கடுதாசியைப் பாத்துட்டு பெத்த மகனைச் சந்தேகப்படுவாரா க்ளாஸ்டர்? நம்பும்படியா இல்லையே.

எட்மண்டின் உத்தி எளிமையானது: கடிதத்தைக் காட்டாதே, ஒளித்து வை. அப்பா வரும்போது அவசரமாகப் பைக்குள் திணிக்கிறான். என்ன அது என்று அவர் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். பிடுங்கிப் படிக்க வேண்டிய அவசியத்தை அவருக்கே உண்டாக்கிவிடுகிறான். கிழவர்கள் சாகும்வரை சொத்தைப் பிடித்துவைத்திருக்கிறார்கள், அப்பா நிரந்தரமாகத் தூங்கினால் பாதி வருமானம் உனக்கு என்று எட்கர் எழுதியது போல இருக்கிறது கடிதம். யாரோ ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போனார்கள் என்கிறான். அவசரப்படாதீர்கள், அண்ணன் என்னைச் சோதிக்க எழுதியிருக்கலாம் என்று எட்கருக்காகப் பரிந்தும் பேசுகிறான். பரிந்து பேசுகிறவனைச் சந்தேகிக்க எவனுக்குத் தோன்றும்?

க்ளாஸ்டரின் மனநிலையும் முக்கியம். அரசன் தன் செல்ல மகளையும் நெருங்கிய நண்பரையும் விரட்டியதை இப்போதுதான் அறிந்து வருகிறார். சமீபத்திய கிரகணங்கள் நல்லதுக்கில்லை, அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவே கட்டு அறுகிறது என்று புலம்புகிறார். 1605 இலையுதிர் காலத்தில் சந்திர கிரகணமும் சூரிய கிரகணமும் அடுத்தடுத்து வந்திருந்தன, அதனால் அந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்கு இந்தப் புலம்பல் புதிதாக இருந்திருக்காது. அவர் போன பிறகு எட்மண்ட் சிரிக்கிறான்: நம் கெட்ட குணத்துக்கு நட்சத்திரத்தின்மேல் பழி போடுவது எவ்வளவு வசதி!

எட்கராவது நேரா அப்பாகிட்ட போய்க் கேட்டிருக்கலாமே?

தம்பி விடவில்லை. அப்பா பயங்கரக் கோபத்தில் இருக்கிறார், ஆயுதம் இல்லாமல் வெளியே வராதே என்று எச்சரிக்கிறான். பிறகு அவசர அவசரமாக ஓடச் சொல்கிறான். ஓடியவனைக் குற்றவாளி என்று காட்டுவது சுலபம். தன் கையைத் தானே கிழித்து ரத்தத்தைக் காட்டி, அண்ணன் குத்திவிட்டான் என்கிறான். அப்பாவும் மகனும் ஐந்து நிமிஷம் நேருக்கு நேர் பேசினால் போதும், திட்டம் செத்துவிடும். அந்த ஐந்து நிமிஷத்தை அவர்களுக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எட்மண்டின் முழு வேலையும்.

எட்மண்டைப் பாத்தா பாவமா இருக்கே. அது தப்பா?

தப்பில்லை. ஷேக்ஸ்பியரே அப்படித்தான் அமைத்திருக்கிறார். முதல் காட்சியில் க்ளாஸ்டர், மகன் பக்கத்தில் நிற்கும்போதே அவன் பிறந்த விதத்தைப் பற்றிக் கென்ட்டிடம் கேலியாகப் பேசுகிறார். ஒன்பது வருஷம் வெளியூரில் இருந்தான், திரும்பவும் போய்விடுவான் என்கிறார். எட்மண்ட் பணிவாக நிற்கிறான். அடுத்த காட்சியில் தனியாக வந்து, திருமணத்துக்கு வெளியே பிறந்தால் என்ன குறைச்சல் என்று கேட்கிறான். சட்டப்படி அவனுக்கு வாரிசுரிமை இல்லை. முறைப்படி பிறந்திருந்தாலும் அண்ணனுக்கு ஒரு வருஷம் இளையவன், அதனால் நிலம் கிடைத்திருக்காது. இரண்டு பக்கமும் அடைத்த கதவு.

பாவப்படுங்கள், ஆனால் மூன்றாம் அங்கம் வரை போய்விட்டு மறுபடி யோசியுங்கள். லியருக்கு உதவக்கூடாது என்ற கட்டளையை மீறப் போவதாகவும், பிரெஞ்சுப் படை பற்றி ஒரு ரகசியக் கடிதம் தன் அறையில் இருப்பதாகவும் க்ளாஸ்டர் நம்பிக்கையோடு எட்மண்டிடம் சொல்கிறார். அவன் அதை நேரே ரீகனின் கணவன் கார்ன்வாலிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். இந்த முறை கடிதம் நிஜமானது. அப்பா உயிரோடு இருக்கும்போதே அவருடைய பட்டம் இவனுக்கு வருகிறது. என்னிடம் உனக்கு இன்னும் அன்பான தகப்பன் கிடைப்பான் என்கிறான் கார்ன்வால்.

கண்ணைப் பிடுங்கற காட்சி அவ்வளவு கொடூரமா ஏன்?

அந்தக் காட்சியில் நடப்பது க்ளாஸ்டரின் சொந்த வீட்டில், அவருடைய விருந்தாளிகளால். நாற்காலியில் கட்டிவைத்திருக்கிறார்கள். என் விருந்தாளிகள் நீங்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கார்ன்வால் ஒரு கண்ணைப் பிடுங்கியதும், அவனிடம் சிறுவயது முதல் வேலை பார்த்த ஒரு வேலையாள் கத்தியை உருவி எஜமானனைத் தடுக்கிறான். ரீகன் அவனைப் பின்னாலிருந்து குத்திக் கொல்கிறாள், ஆனால் அவன் போட்ட காயத்தில் கார்ன்வால் பிறகு சாகிறான். அவனுக்குப் பெயர்கூட இல்லை. சொந்த ரத்தம் எல்லாம் காட்டிக்கொடுக்கிற வீட்டில், கூலி வாங்குகிற ஒருவன் குறுக்கே வந்து நிற்கிறான்.

இரண்டு கண்ணும் போன பிறகு க்ளாஸ்டர் எட்மண்டை உதவிக்கு அழைக்கிறார். உன்னைக் காட்டிக்கொடுத்தவனே அவன்தான் என்கிறாள் ரீகன். அவருக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்; எட்கர் குற்றமற்றவன் என்று அந்த நொடியே புரிந்துகொள்கிறார். உண்மையை அவருக்குச் சொன்னது அன்பு அல்ல, குரூரம்.

நல்லவங்களும்தானே வேஷம் போட்டு ஏமாத்துறாங்க? கென்ட், எட்கர்? அது மட்டும் துரோகம் இல்லையா?

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பாடநூல் குறிப்புகள் இதைச் சுலபமாகத் தாண்டிவிடுகின்றன. விரட்டப்பட்ட கென்ட் மாறுவேடத்தில் திரும்பி வந்து லியருக்கே வேலைக்காரனாகச் சேர்கிறார். எட்கர் பைத்தியக்காரப் பிச்சைக்காரனாக, ‘ஏழை டாம்’ ஆக, அலைகிறான். கண்ணிழந்த அப்பாவை அவனே கையைப் பிடித்து டோவர் என்ற கடற்கரை ஊருக்கு நடத்திப் போகிறான், தான் யார் என்று சொல்லாமலே. அவர் செங்குத்துப் பாறையிலிருந்து குதித்துச் சாக விரும்புகிறார். சமதரையில் நிறுத்தி, இதுதான் விளிம்பு என்கிறான். அவர் குப்புற விழுகிறார். பிறகு வேறு குரலில், நீங்கள் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தது அதிசயம் என்கிறான். அவநம்பிக்கையைக் குணப்படுத்தத்தான் இந்த விளையாட்டு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறான்.

நோக்கம் வேறு என்பது உண்மை. எட்மண்ட் பொய் சொல்வது வாங்கிக்கொள்ள, இவர்கள் பொய் சொல்வது காப்பாற்ற. ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. அப்பாவிடம் கடைசிவரை வெளிப்படுத்திக்கொள்ளாதது தன் தவறு என்று எட்கரே ஒப்புக்கொள்கிறான். எட்மண்டோடு சண்டைக்குப் போகும் முன் உண்மையைச் சொன்னபோது, சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக மோதி க்ளாஸ்டரின் இதயம் வெடித்துவிடுகிறது. கென்ட்டும் சொல்லத் தள்ளிப்போடுகிறார். கடைசிக் காட்சியில் நான்தான் உங்கள் வேலைக்காரனாக இருந்தவன் என்று அவர் சொல்லும்போது, கார்டீலியாவின் உடலை ஏந்தி நிற்கும் லியருக்கு அது சரியாக உறைக்கவேயில்லை. நல்லெண்ணத்தோடு மறைத்த உண்மைக்கும் இந்த நாடகம் விலை வாங்கிவிடுகிறது.

அக்காவும் தங்கச்சியும் கடைசியில ஏன் அடிச்சுக்கிறாங்க?

இருவரும் எட்மண்டை விரும்புகிறார்கள். அவன் இருவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறான், யாரை எடுப்பது, இருவரையுமா, யாரையும் வேண்டாமா என்று தனியாக யோசிக்கிறான். ரீகன் விதவை, அதனால் அவளுக்கு வழி சுலபம். கானரில் தங்கைக்கு விஷம் வைக்கிறாள். தன் கணவன் ஆல்பனியைக் கொன்றுவிடும்படி எட்மண்டுக்கு அவள் எழுதிய கடிதம் எட்கர் கையில் சிக்கி அம்பலமாகிறது, அவள் குத்திக்கொண்டு சாகிறாள். எட்கர் பெயரில் எட்மண்ட் கற்பனையாக எழுதினானே, சொத்துக்காகச் சொந்தக்காரரைக் கொல்லலாம் என்று, அதே போன்ற கடிதம் இங்கே நிஜமாக எழுதப்பட்டுவிட்டது.

இவங்க அம்மா எங்கே?

நாடகத்தில் இல்லை. ரீகனிடம் பேசும்போது லியர் ஒரே ஒரு தடவை, செத்துப்போன மனைவியைக் குறிப்பிடுகிறார், அதுவும் மிரட்டலாக. பழைய ‘கிங் லெயர்’ நாடகம் அரசியின் இறப்பை ஒட்டியே தொடங்குகிறது. ஷேக்ஸ்பியர் அதை வெட்டிவிட்டார்.

மூலக் கதையில லியர் ஜெயிச்சிடுவாராமே? ஷேக்ஸ்பியர் ஏன் மாத்தினார்?

ஆமாம். ஜெஃப்ரியின் கதையில் லியர் அரியணையைத் திரும்பப் பெறுகிறார், அவருக்குப் பின் கார்டீலியா ஆள்கிறாள். பல வருஷம் கழித்து அக்கா மகன்கள் அவளைச் சிறையில் போட, அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். ஷேக்ஸ்பியர் இதை வைத்து ஒரு காரியம் செய்தார். நாடகத்தில் எட்மண்ட், அவளைச் சிறையில் தூக்கிலிட்டுவிட்டு, மனம் உடைந்து அவளே செத்தாள் என்று சொல்லத் திட்டமிடுகிறான். மூலத்தில் உண்மையாக இருந்தது இங்கே ஒரு பொய்யாகிவிட்டது. கதை தெரிந்து வந்த பார்வையாளரும் ஏமாந்தார், ஏனென்றால் லியர் ஜெயிப்பார் என்று காத்திருந்தவர் அவர்.

பலரால் இதைத் தாங்க முடியவில்லை. 1681இல் நேஹம் டேட் என்பவர் லியர் பிழைத்து, கார்டீலியா எட்கரை மணக்கும்படி திருத்தி எழுதினார், கோமாளியை நீக்கினார். ஒன்றரை நூற்றாண்டு இங்கிலாந்து மேடைகளில் இதுவே ஓடியது. 1823இல் நடிகர் எட்மண்ட் கீன் சோக முடிவைத் திரும்பக் கொண்டுவந்தார். 1838இல் நடிகர் மெக்ரெடி கோமாளியையும் மீட்டார். சாமுவேல் ஜான்சன், கார்டீலியாவின் சாவு தன்னை அவ்வளவு உலுக்கியதால், பதிப்பாசிரியராகத் திருத்த வேண்டி வரும்வரை கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படிக்கவே இல்லை என்று எழுதினார்.

ரெண்டு பதிப்பு இருக்காமே, எதைப் படிக்கணும்?

1608இல் வந்த சிறு அளவு நூல் ஒன்று, 1623இல் வந்த பெருந்தொகுப்பு ஒன்று. முதலாவதில் ஏறக்குறைய 300 வரிகள் அதிகம். சித்தம் கலங்கிய லியர், ஒரு முக்காலியைக் கானரிலாகப் பாவித்து மகள்களுக்கு விசாரணை நடத்தும் காட்சி அதில் மட்டும்தான் உண்டு. இரண்டாவதில் ஏறக்குறைய 100 வரிகள் புதியவை. இன்று கடைகளில் கிடைக்கும் பல பதிப்புகள் இரண்டையும் கலந்தவை. முதல் வாசிப்புக்கு அதுவே போதும். அந்த விசாரணைக் காட்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். துரோகத்துக்கு நீதி கேட்க லியருக்குக் கிடைத்த ஒரே நீதிமன்றம் அதுதான்.

கடைசியில லியர் உண்மை புரிஞ்சு சாகறாரா, ஏமாந்தே சாகறாரா?

இதற்கு மேலே சொன்ன இரண்டு நூல்களும் ஒரே பதிலைத் தருவதில்லை. உண்மை அவருக்கு முன்பே புரிந்துவிட்டது. டோவர் வயல்வெளியில், நீதான் எல்லாம் என்று சொன்னார்கள், அது பொய், மழையிலும் குளிரிலும் எனக்கும் காய்ச்சல் வரும் என்கிறார். கார்டீலியாவைப் பார்த்ததும், என்னை வெறுக்க உனக்குக் காரணம் இருக்கிறது என்கிறார். அவள் எந்தக் காரணமும் இல்லை என்கிறாள். காரணம் நிறையவே இருக்கிறது, இருந்தாலும் அவள் சொல்வது பொய்யாகத் தோன்றாது. முதல் காட்சியில் இனிக்கப் பேச மறுத்தவள் இவள்.

கடைசி வரிகளில்தான் சிக்கல். அவள் உடல் மடியில் கிடக்க, இனி நீ வரமாட்டாய் என்று சொல்லும் இடம் இரண்டு நூலிலும் உண்டு. 1608 நூலில் முனகலோடு, இதயமே உடைந்துபோ என்று சொல்லிச் சாகிறார். 1623 தொகுப்பில் மட்டும், அவள் உதடுகளைப் பாருங்கள், அங்கே பாருங்கள் என்று காட்டியபடி சாகிறார். மூச்சு வருகிறது என்று நம்பி மகிழ்ச்சியில் செத்தார் என்று விமர்சகர் ஏ. சி. பிராட்லி 1904இல் வாதாடினார். செத்த வாயைச் சுட்டிக்காட்டுகிறார், அவ்வளவுதான் என்பது எதிர்க்கட்சி. எனக்குப் பிராட்லியின் பக்கம் முழுதாகச் சாய மனமில்லை. சற்று முன்புதான் ஒரு இறகு அசைந்ததாக நினைத்து அவள் உயிரோடிருக்கிறாள் என்று சொல்லி, அது பொய்யென்றும் பார்த்துவிட்டார். ஆனாலும் நாடகத்தின் முதல் நாளிலிருந்து கேட்க விரும்பியதையே கேட்ட மனிதர், கடைசியில் பார்க்க விரும்பியதையே பார்த்திருந்தால் அதில் வியப்பில்லை. நடிகர்கள் இரண்டு விதமாகவும் நடிக்கிறார்கள், இரண்டும் எடுபடுகிறது.